பந்தி விசாரணை

முக்கொம்பு போகிற சாலையில் காவிரிக்கரையை ஒட்டி ஓர் ஆசிரமம். அங்கே இருக்கும் குருவை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. பிரபாவதிக்கு ஐம்பது. தன்னைவிட இளையவரை அம்மா என்று கூப்பிட அவளுக்கு முதலில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது. எதற்கும் பழகிக்கொள்ள மாட்டேன் என்றால் ஒரு பெண்பிள்ளை குடும்பம் நடத்த முடியுமா என்ன.

அம்மா பாடம் நடத்துவது ஒரு தினுசு. புத்தகம் கிடையாது, பஜனை கிடையாது. வருகிறவரை உட்கார வைத்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். எதைச் சொன்னாலும், "சரி, அது எதுக்கு வேணும்?" என்பார். இதற்கு விசாரணை என்று பேர். பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பிரபாவதி கிளம்பவில்லை. வந்த நாளிலிருந்து மன நிம்மதி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, இரண்டாவது கேள்விக்கு முழித்துக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று வகுப்பு இல்லை. வெயில் ஏறிய நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அம்மா கொல்லையில் குந்தியபடி ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க. அந்தக் குறடு இருக்கே, அதை எடுத்துக் குடுத்துட்டுக் கேளுங்க."

பிரபாவதி எடுத்துக் கொடுத்தாள். "காலேஜ்ல படிக்கிற பொண்ணு, ஓட்டல்ல போய் அந்த வேலை பாக்கலாமா?"

"எந்த வேலை?"

"அதான். டேபிள் டேபிளா போய்..."

"போய்?"

"என்ன வேணும்னு கேட்டு, கொண்டுவந்து வைக்கிறது."

"அதுக்கு ஒரு பேர் இருக்குமே."

இருந்தது. பிரபாவதியின் வாயில்தான் வரவில்லை. ஷூவில் முகம் தெரியாவிட்டால் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிற கான்வென்டில் படித்தவள் அவள். மகளையும் அதே கான்வென்டில்தான் படிக்க வைத்தாள். அந்த மகள் இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறாள், புள்ளியியல். சர்வர் என்ற சொல்லை அந்த மகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே பிரபாவதிக்கு மனம் ஒப்பவில்லை.

"கௌரவமான வேலையா அது? அதை மட்டும் சொல்லுங்க."

"யாருக்கு?"

"சுத்தி வளைக்காதீங்கம்மா."

அம்மா சிரித்தார். "யார் பொண்ணு?"

"என் பொண்ணுதான். ஊரார் பொண்ணுக்காக இந்த வெயில்ல வருவேனா?"

மிருதுளா காலையில் கல்லூரிக்குப் போகிறாள். மதியத்திலிருந்து ராத்திரி வரை ஓட்டல். முதலில் புராஜெக்ட் என்று சொன்னாள். அம்மாக்காரியும் அக்கம்பக்கத்தில் புராஜெக்ட் என்றே சொல்லிவந்தாள். ஒருநாள் பையிலிருந்து மெரூன் நிறச் சட்டை ஒன்று வந்தது. பாக்கெட்டில் பேர் எழுதிய பேட்ஜ். சட்டையில் வெங்காய சாம்பார் வாசம்.

"காசு வேணும்னா அப்பாகிட்ட கேளேன்டி."

"அது அப்பா காசு."

"அப்படின்னா டியூஷன் எடு. கௌரவமா இருக்கும்."

"எடுத்தேனே. அந்தப் பையனோட அம்மா டீ குடுத்தாங்க. குடிச்சு முடிச்சதும் டம்ளரைக் கழுவி வெச்சிட்டுப் போன்னாங்க. ஓட்டல்ல அப்படிச் சொல்ல மாட்டாங்கம்மா. அதுக்கு வேற ஆள் இருக்கு."

இப்படிப் பேசுகிற வாயை எந்த மாமியார் வைத்துக்கொள்வாள் என்று பிரபாவதி கேட்டாள். மாமியாரை நான் வைத்துக்கொள்வேனா என்று முதலில் பார்க்கலாம் என்றாள் மகள்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்த சண்டை. வீட்டுச் சண்டைக்கு யாரும் குருவைத் தேடி ஓடிவருவதில்லை. பிரபாவதி ஓடிவந்ததற்குக் காரணம், முந்தின நாள் வந்த ஒரு போன்.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரமத்தில் குருபூஜை. ஊரே வந்து சாப்பிடும். பரிமாறுவது காண்ட்ராக்ட்காரரின் ஆட்கள். ஆனால் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று, "என்ன வேணும்?" என்று கேட்பதற்குச் சீடர்களில் ஒருவரைக் கமிட்டி கூடித் தேர்ந்தெடுக்கும். அதற்குப் பந்தி விசாரணை என்று பேர். விசாரிக்கிறவர் வாளியைத் தொடக்கூடாது. கை வெறுங்கையாக இருக்க வேண்டும். அந்த வெறுங்கைதான் கௌரவம். இந்த வருஷம் அது பிரபாவதிக்குக் கிடைத்திருந்தது. அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்து, ஃபால்ஸ் அடித்து, பீரோவில் தயாராக வைத்திருந்தாள்.

போன் செய்தவர் கமிட்டிச் செயலாளர் கோதண்டபாணி. குரலில் எப்போதும் சர்க்கரைப் பாகு ஒரு கம்பிப் பதத்தில் இருக்கும்.

"நேத்து ஒரு ஓட்டலுக்குப் போயிருந்தோம் பிரபாவதிம்மா. எங்க டேபிளுக்கு ஒரு பொண்ணு வந்தா. அச்சு அசல் உங்க பொண்ணு மாதிரியே இருந்தா. சேச்சே, அவங்க பொண்ணா இருக்காது, அவங்கதானே இந்த வருஷம் பந்தி விசாரிக்கப் போறாங்கன்னு நானே வீட்டுல சொல்லிட்டேன்."

பிரபாவதி இதை அப்படியே ஒப்பித்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று அம்மா கேட்டார்.

பிரபாவதி குழாயைப் பார்த்தாள்.

"இருக்காது சார்னு சொன்னேன்."

அம்மா வாஷரைப் பொருத்தி இறுக முறுக்கினார். ஒழுகல் நின்றது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பசிக்குது. அந்த ஓட்டலுக்குப் போகலாம். ஆட்டோ நிக்குதா, அனுப்பிட்டீங்களா?"

*

ஓட்டலில் மதியக் கூட்டம் வடிந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். பிரபாவதி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று நாலாபுறமும் பார்த்தாள்.

மிருதுளா வந்தாள். மெரூன் சட்டை, தலையில் வலைத்தொப்பி. தாயைப் பார்த்தாள், குருவைப் பார்த்தாள். முகம் மாறவில்லை. இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்தாள்.

"வாங்க. என்ன வேணும்?"

"நீ முதல்ல வீட்டுக்கு வா," என்றாள் பிரபாவதி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அது இன்னிக்கு இல்லை. வேற?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு ஒரு நெய் ரோஸ்ட். நடுவுல முறுகலா."

"சரிங்கம்மா. உனக்கு?"

பிரபாவதி மகளின் பேட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். இட்லி என்று சொன்னாலும் போதும். ஒரு காப்பி என்று சொன்னாலும் போதும். சொல்லிவிட்டால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். வாயே திறக்கவில்லை.

பின்னாலிருந்து யாரோ விரலைச் சொடுக்கினார்கள். "ஏய், இங்கே பாரு."

பக்கத்து மேஜையில் தங்க வாட்ச் கட்டிய ஓர் ஆள். பிரபாவதிக்குக் காது சிவந்தது. மிருதுளா நிதானமாகத் திரும்பினாள். சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"மிருதுளான்னு இங்கே எழுதியிருக்கு சார். படிக்க முடியலைன்னா சொல்லுங்க, கிட்ட வந்து நிக்கிறேன். என்ன வேணும்?"

அந்த ஆள் மேஜையைப் பார்த்தார். "சட்னி," என்றார். கொஞ்சம் கழித்து, "மா," என்று சேர்த்துக்கொண்டார்.

"இதோ."

சட்னியை வைத்துவிட்டு ரோஸ்ட்டோடு திரும்பி வந்தாள். தாயின் முன்னால் ஒரு காப்பியை வைத்தாள், கேட்காமலே. பிறகு நினைவு வந்தவளாக, "சொல்ல மறந்துட்டேன். அன்னிக்கு உங்க கோதண்டபாணி அங்கிள் குடும்பத்தோட வந்திருந்தார். நீ பிரபாவதிம்மா பொண்ணான்னு கேட்டார். ஆமான்னேன். உன்னை ரொம்ப விசாரிச்சதா சொல்லச் சொன்னார்," என்றாள்.

பிரபாவதி எடுத்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

கேட்டிருக்கிறார். இவள் ஆமாம் என்றிருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் அந்த மனிதர் போன் செய்திருக்கிறார். மகள் சொன்ன ஆமாவைக் கையில் வைத்துக்கொண்டு, தாய் என்ன சொல்கிறாள் என்று பார்த்திருக்கிறார்.

"அவர்கிட்ட எதுக்குடி ஒத்துக்கிட்டே?"

"ஒத்துக்கிறதா? நான் உன் பொண்ணுதானேம்மா. அது என்ன, குத்தமா?"

அம்மா ரோஸ்ட்டின் முறுகலான பகுதியை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மிருதுளா, ஞாயித்துக்கிழமை குருபூஜை. நீ வந்து பந்தி விசாரிக்கிறியா?"

பிரபாவதி தூக்கிவாரிப் போட நிமிர்ந்தாள். அது அவளுடையது. கமிட்டி கொடுத்தது. புடவை பீரோவில் இருக்கிறது.

"சம்பளம் உண்டா?" என்று மிருதுளா கேட்டாள்.

"கிடையாது."

"அப்ப முடியாதும்மா. ஞாயித்துக்கிழமைதான் இங்கே கூட்டம். என் டேபிளை யார் பாக்கிறது?"

"பெரிய கௌரவம்னு சொல்றாங்களே."

"கௌரவமா? அப்படின்னா எங்கம்மாவுக்கே குடுங்க. அவங்களுக்குத்தான் அது ரொம்பப் பிடிக்கும்."

சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிரபாவதிக்குச் சிரிக்க எதுவும் தெரியவில்லை. பெற்ற பெண்ணும் தேடிப்பிடித்த குருவும் சேர்ந்துகொண்டு நடுக்கூடத்தில் தன்னை உரித்த மாதிரி இருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டாள். "நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை."

"ரோஸ்ட் நல்லா இருந்தது."

"அம்மா."

"நீங்க என்னைக் கேட்டீங்க. சரி. கோதண்டபாணி உங்ககிட்ட என்ன கேட்டார்?"

"அவர் எங்கே கேட்டார்? தானா ஏதோ சொன்னார்."

"அவர் கேக்கவே இல்லை. அதுக்குப் பதில் சொன்னீங்க," என்றார் அம்மா. "பொண்ணு கேட்டா, என்ன வேணும்னு. அதுக்குச் சொல்லலை."



*

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். பிரபாவதி பட்டுப்புடவையில். மிருதுளா மெரூன் சட்டையில்.

மிருதுளா தாயின் முந்தானையை மடித்து, தோளில் ஊக்கு குத்தினாள்.

"எதுக்குடி? தழையத் தழைய விட்டாத்தான் அழகு."

"குனியறப்போ சாம்பார்ல விழும்."

"நான் ஏன் குனியறேன்? வாளியெல்லாம் தொட மாட்டேன். கேக்கிறது மட்டும்தான்."

"கேட்டுட்டு?"

"ஆளைக் கூப்பிட்டுச் சொல்வேன்."

"எங்க ஓட்டல்ல அதுக்கு சூப்பர்வைசர்னு பேரு," என்றாள் மிருதுளா, தொப்பியைப் பையில் திணித்தபடி. "யாருக்கும் அவரைப் பிடிக்காது."

வாசல்வரை போனவளைப் பிரபாவதி கூப்பிட்டாள். அந்தப் போனைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டாள். மகள் திரும்பிப் பார்த்ததும், "சாப்பிட்டுட்டுப் போ," என்று மட்டும் வந்தது.

"அங்கே போடுவாங்க."

*

பந்தி போட்டாயிற்று. நீளக் கூடத்தில் எதிரும் புதிருமாக இலைகள். கமிட்டிக்காரர்கள் முதல் வரிசையில். அம்மா, வழக்கம்போல, கடைசி வரிசையின் கடைசி இலையில்.

பிரபாவதி வெறுங்கையோடு நடந்தாள். "என்ன வேணும்? உங்களுக்கு? என்ன வேணும்?" கேட்டுக்கொண்டே அடுத்த இலைக்கு நகர்ந்தாள். பத்துப் பதினைந்து இலை தாண்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அவள் யாருடைய பதிலுக்கும் நிற்கவில்லை. யாரும் பதில் சொல்லவும் இல்லை. புடவையைப் பார்த்தார்கள், தலையசைத்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் "கூட்டு" என்றார். அதற்குள் அவள் மூன்று இலை தள்ளி வந்திருந்தாள்.

திரும்பிப் போய், "கூட்டா கேட்டீங்க?" என்றாள். வாளிக்காரரைத் தேடினாள். அவர் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தார். கையைத் தட்டினாள். அவர் காதில் விழவில்லை. விரலைச் சொடுக்குவதற்குக் கை மேலே எழுந்தது.

எழுந்த கையைப் பார்த்தாள். இறக்கிக்கொண்டாள்.

கோதண்டபாணியின் இலைக்கு வந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்துப் பாகாகச் சிரித்தார். பக்கத்தில் அவர் மனைவி, அந்தப் பக்கம் பொருளாளர்.

"புடவை பிரமாதம் பிரபாவதிம்மா. பொண்ணு வரலையா?"

"இல்லை சார். வேலைக்குப் போயிருக்கா."

"ஞாயித்துக்கிழமையிலயா? அப்படி என்ன வேலை?"

பொருளாளர் பருப்பைப் பிசைவதை நிறுத்தினார். கோதண்டபாணியின் மனைவி இலையைப் பார்த்தபடி காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

புராஜெக்ட் என்ற சொல் பிரபாவதியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இஸ்திரி போட்ட மாதிரி, மடிப்புக் கலையாமல்.

"நீங்கதான் பாத்தீங்களே சார்," என்றாள். "ஓட்டல்ல. உங்க டேபிளுக்கு வந்தது என் பொண்ணுதான்."

"அப்படியா? அன்னிக்கு இருக்காதுன்னு..."

"பொய் சொன்னேன்."

எதிர்வரிசையில் அப்பளம் நொறுங்குவதுகூடக் கேட்டது. கோதண்டபாணி தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தார்.

"அவகிட்ட நீங்க கேட்டீங்க, ஆமான்னு சொன்னா. அதைத் தெரிஞ்சுகிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணீங்க. பரவாயில்லை. என் பொண்ணு மிருதுளா. புள்ளியியல் படிக்கிறா. மத்தியானம் ஓட்டல்ல சர்வரா இருக்கா." அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. "உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா."

"சோறு காஞ்சு போய்க் கிடக்கே சார். ரசமா, மோரா?"

இந்தத் தடவை நின்றாள். அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நேரமானாலும் நிற்பாள் என்று தெரிந்தது.

"ரசம்," என்றார் கோதண்டபாணி.

தூணடியில் ஒரு ரச வாளி இருந்தது, கரண்டியோடு. பிரபாவதி போய் அதைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனம். பட்டுப்புடவையின் கொசுவத்தில் இரண்டு சொட்டு தெறித்தது. முந்தானை தோளிலேயே இருந்தது.

பொருளாளர் பதறினார். "நீங்க ஏன் வாளியைத் தொடறீங்க? விசாரிக்கிறவங்க தொடக்கூடாது. ஆள் வருவான்."

"எங்க வீட்டுத் தொழில் சார் இது," என்றாள் பிரபாவதி. கோதண்டபாணியிடம் குனிந்தாள். "கையை எடுங்க. சுடும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து வரிசையை விடவில்லை. கேட்டாள், நின்றாள், ஊற்றினாள். கூட்டு கேட்ட பெரியவருக்குக் கூட்டையும் கொண்டுவந்து வைத்தாள். வாளிக்காரர் ஓடிவந்து கை நீட்டினார். "நீங்க மோரைப் பாருங்க," என்று அனுப்பிவிட்டாள். கமிட்டி வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. எழட்டும் என்று விட்டாள். அடுத்த வருஷம் இந்தப் பந்தி தனக்குக் கிடையாது என்று தெரிந்துபோயிற்று. அந்த எண்ணம் வந்தது, வந்த வழியே போயிற்று. வாளி கனத்தில் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

கடைசி வரிசை. கடைசி இலை.

அம்மா சோற்றின் நடுவில் குழி பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வேர்வை கண்ணில் இறங்கியது. பிரபாவதி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"அம்மா, நான் கேட்டதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லலை. கௌரவமான வேலையா, இல்லையா?"

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையை விரலால் தட்டினார்.

"சர்வர், இங்கே ரசம்."